எதிர்க்கடிதம்

தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பேர்போன ஓர் ஊரில் ‘நடுவீதி’ என்றொரு மாத இதழ் வந்துகொண்டிருந்தது. நாடகம், புத்தகம், ஓவியக் கண்காட்சி, நகராட்சி அரசியல் எல்லாம் அதன் ஒரே அட்டைக்குள் அடங்கிவிடும். ஆசிரியர் ஜமீலாவுக்கு வயது நாற்பத்து நான்கு. அவரிடம் எழுதப் பழக வந்த கோதண்டபாணிக்கு ஐம்பத்தெட்டு. கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். குருவை விடச் சீடர் மூத்தவராக இருப்பதில் இருவருக்குமே சங்கடம் இல்லை. சங்கடம் வேறொன்றில் இருந்தது.

ஜமீலா ஒரு வழக்கம் வைத்திருந்தார். யார் கட்டுரை கொடுத்தாலும் கூடவே ஒரு கடிதமும் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டுரையைப் படித்துக் கோபப்படும் ஒரு வாசகர் ஆசிரியருக்கு எழுதுவது போன்ற கடிதம். அதைக் கட்டுரை எழுதியவரே எழுத வேண்டும். அலுவலகத்தில் அதற்கு எதிர்க்கடிதம் என்று பேர். அது அச்சுக்குப் போகாது. ஆனால் ஜமீலா முதலில் அதைத்தான் படிப்பார். அது தேறினால்தான் கட்டுரையைக் கையில் எடுப்பார்.

கோதண்டபாணி ஐந்து மாதத்தில் ஐந்து கட்டுரைகள் கொடுத்தார். ஒன்றின் முதல் வரியைக்கூட ஜமீலா படிக்கவில்லை. கடிதங்கள் தேறவில்லை. அதில் ஆச்சரியப்படவும் ஒன்றுமில்லை. அவருடைய கடிதக்காரர்கள் எல்லோரும் வடிகட்டின முட்டாள்கள். ஒருவர் ‘எனக்குக் கலை என்றாலே ஆகாது’ என்று தொடங்குவார். இன்னொருவர் நாலு வரிக்குள் ஏழு வசவு வைப்பார். முப்பது வருஷம் விடைத்தாள் திருத்திய மனுஷன், பெயிலாக வேண்டிய ஆட்களாகவே பார்த்துப் பார்த்துப் படைத்துக்கொண்டிருந்தார்.

ஆறாவது கட்டுரைக்கு மட்டும் அவசரம் இருந்தது.

அவரிடம் படித்த எழில்வேந்தன் ஒரு நாடகக் குழு நடத்திவந்தான். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர்த் தோல் ஷாப்பு ஒன்றில் நடந்த வேலைநிறுத்தத்தை நாடகமாக்கி, பள்ளிக்கூட அரங்கில் ஒரு முறை போட்டும் காட்டியிருந்தான். அடுத்து நகராட்சி மண்டபத்தில் ஐந்து நாள் நடத்த அனுமதி கேட்டான். நடத்தக் கூடாது, தடை போட வேண்டும் என்று அறுபது கையெழுத்தோடு ஒரு மனு போயிற்று. திங்கட்கிழமை நகர்மன்றக் கூட்டத்தில் முடிவு. மண்டபம் கிடைக்காவிட்டால் இரண்டு வருஷ ஒத்திகையும் வீண், குழுவும் கலைந்துவிடும் என்று எழில்வேந்தன் சொல்லியிருந்தான்.

இதழ் சனிக்கிழமை கடைக்கு வரும். நகர்மன்ற உறுப்பினர்கள் வேறெதைப் படிக்காவிட்டாலும் நடுவீதியைப் படிப்பார்கள். தங்கள் பேர் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே. அதனால் கோதண்டபாணி ‘தடை கூடாது’ என்று ஒன்பது பக்கம் எழுதி, செவ்வாய்க்கிழமை காலை எதிர்க்கடிதத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தார்.

ஜமீலா கடிதத்தைப் படித்துவிட்டுக் கீழே வைத்தார்.

“தேறலை சார்.”

கோதண்டபாணி அன்றைக்குக் கேட்டேவிட்டார்.

“கட்டுரை எழுதுறது நான். நீங்க படிக்கிறது இல்லாத ஒரு ஆளோட கடிதத்தை. இது என்ன நியாயம் மேடம்?”

 ஜமீலா மேஜை டிராயரிலிருந்து ஒரு வெள்ளைக் கவரை எடுத்தார். கடிதத்தை மடித்து உள்ளே வைத்து அவர் பக்கம் நகர்த்தினார்.

“அனுப்புநர் முகவரி எழுதுங்க.”

கோதண்டபாணி பேனாவைத் திறந்தார். ஒரு பேரை யோசித்தார். தெரு ஒன்றை யோசித்தார். இப்படி ஒரு கடிதத்தை எழுதக்கூடியவர் அந்த ஊரின் எந்தத் தெருவிலும் இல்லை. பேனாவை மூடி, இப்படி ஒருத்தன் எங்கே இருப்பான் என்று சிரித்தார். ஜமீலா சிரிக்கவில்லை.

“மனுவுல அறுபது பேர் முகவரியோட இருக்காங்க சார். வியாழக்கிழமை நாலு மணிக்குப் பக்கம் அச்சுக்குப் போகுது.”

மனுவின் நகல் ஒன்று அலுவலகத்திலேயே இருந்தது. முதல் கையெழுத்து லூர்தம்மாள் என்பவருடையது. சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாடகத்தில் வேலைநிறுத்தத்தை உடைத்துவிட்டு முதலில் ஷாப்புக்குத் திரும்பிப் போகிற சவரிமுத்துவின் மகள்.

கோதண்டபாணி அன்று மத்தியானமே போனார். யாரோ கட்சிக்காரர்கள் தூண்டிவிட்ட அம்மாவாக இருக்கும் என்பது அவர் கணக்கு. போனால் அந்த அம்மா நிதானமாக உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல், கோதண்டபாணி அப்பா வேலைக்குத் திரும்பிப் போனது உண்மைதானா என்று கேட்டார்.

“உண்மைதான். பதினேழாம் நாள் போனாரு. ஊருக்கே தெரியும். அதைக் காட்டுனதுக்காக நான் மனு போடலை சார்.”

“பின்னே எதுக்கும்மா?”

லூர்தம்மாள் அந்தக் காட்சியைச் சொன்னார். முதலாளி ஒரு தட்டு நிறையப் பிரியாணியைச் சவரிமுத்து முன்னால் வைக்கிறார். வெளியே கூட்டம் பட்டினி கிடக்கிறது. சவரிமுத்து அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறார், விரலைச் சூப்புகிறார், ஏப்பம் விடுகிறார். அரங்கமே சிரித்தது. லூர்தம்மாள் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாராம்.

“நானும்தான் சிரிச்சேன். அப்புறந்தான் பேரைச் சொன்னாங்க.”

 லூர்தம்மாள் தொடர்ந்தார்.

“தோல் நாத்தம் கையை விட்டுப் போகலைன்னு எங்கப்பா சாகுற வரைக்கும் கறியைத் தொட்டதில்லை சார். கிறிஸ்மஸ் அன்னிக்குக்கூட அவருக்கு ரசச் சோறுதான்.”

வெளியே ஒரு ஆட்டோ கடந்துபோனது. கோதண்டபாணி தம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரையும் குடித்தார். அந்தத் தட்டை மட்டும் எடுத்துவிட்டால் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வீர்களா என்று கேட்டார். கேட்கும்போது அது நல்ல யோசனையாகத்தான் அவருக்குத் தோன்றியது.

“அன்னிக்குச் சிரிச்ச முந்நூறு பேரையும் திரும்பக் கூப்பிட்டு உக்கார வைப்பீங்களா? நாடகமே வேண்டாம் சார்.”

தெருமுனைக்கு வந்ததும் கோதண்டபாணி எழில்வேந்தனைப் போனில் கூப்பிட்டு, அந்தத் தட்டை எடுத்துவிடச் சொன்னார். எழில்வேந்தன் ஒத்துக்கொள்ளவில்லை. தட்டு இல்லாவிட்டால் காட்சியே விழுந்துவிடும் என்றான். அது பொய்யப்பா என்றார் இவர்.  எழில்வேந்தன் மரியாதையாகவே சொன்னான்.

“நான் கற்பனை பண்ணலையே சார். நீங்க சொன்னதுதான். ரெண்டாம் வருஷம், மத்தியான கிளாஸ்ல.”

கோதண்டபாணி போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

சொன்னது அவர்தான். சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற வகுப்பு. பிள்ளைகள் தூங்கி வழிவார்கள். வேலைநிறுத்தப் பாடத்தின் நடுவே ஒரு வருஷம் அந்தப் பிரியாணித் தட்டு தானாக அவர் வாயில் வந்தது. வகுப்பு சிரித்தது. அடுத்த வருஷமும் சொன்னார். பதினோரு வருஷம் சொல்லிச் சொல்லி, அதை எங்கோ படித்ததாக அவரே நம்பிவிட்டார். இப்போது யோசித்துப் பார்த்தால் எங்கும் படிக்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லோரும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றி, ஒரு நிறுத்தம் தள்ளி நடந்துபோய் ஏறினார்.

புதன்கிழமை முழுக்க ஒரே ஒரு கடிதம்தான் எழுதினார். வியாழக்கிழமை காலை அதைக் கவரில் போட்டு, அனுப்புநர் என்று லூர்தம்மாளின் முகவரியையும் எழுதிக் கொண்டுபோனார். உள்ளே ஒன்பது வரி இருந்தது. வசவு ஒன்றுகூட இல்லை.

ஜமீலா படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பிறகு, ஆறு மாதத்தில் முதல் தடவையாகக் கையை நீட்டினார்.

“கட்டுரையைக் கொடுங்க.”

“இல்லை மேடம். இந்தக் கடிதத்துக்கு முன்னாடி அது நிக்கலை. கிழிச்சுட்டேன்.”

“தடை கூடாதுன்னு சொன்னீங்களே, அது?”

 முந்தின நாள் முழுக்கக் கோதண்டபாணி அந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டியிருந்தார்.

“இப்பவும் கூடாதுதான்.”

“மணி பத்தரை ஆகுது சார்.”

மூலையில் கிடந்த மேஜையில் உட்கார்ந்து மூன்று மணி வரை எழுதினார். ஒன்பது பக்கம் இரண்டரைப் பக்கமாயிற்று. நாடகம் நடக்க வேண்டும், எதை நடத்துவது என்று முடிவு செய்வது நகர்மன்றத்தின் வேலை இல்லை என்று எழுதினார். பிரியாணித் தட்டு பொய் என்று எழுதினார். அந்தப் பொய் யாருடையது, எந்த வகுப்பில், எத்தனை வருஷம் என்பதையும் எழுதினார். அந்த ஒரு பத்திக்கே ஒன்றரை மணி நேரம் ஆனது.

ஜமீலா நின்றபடியே படித்து முடித்தார். இரண்டு இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். கோதண்டபாணிக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

“தட்டு பொய்னு நானே எழுதினா, தடை போடுறதுக்கு நானே காரணம் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிடாதா மேடம்?”

“ஆகலாம்.”

“அந்தப் பத்தியை எடுத்துடலாமா?”

“எடுக்கலாம். உங்க கட்டுரை.”

அவர் தாளை வாங்கி அந்தப் பத்தியைப் பார்த்தார்.  பிறகு தாளை அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

“இருக்கட்டும் மேடம்.”

“சரி. இதுக்கு எதிர்க்கடிதம்?”

கோதண்டபாணி கையை விரித்தார்.

“அதுதான் எழுத வரலை. நாடகம் நடக்கணும்னு சொன்னதுக்கு லூர்தம்மாள் எழுதுவாங்க. தட்டு பொய்னு சொன்னதுக்கு எழில்வேந்தன் எழுதுவான். பதினோரு வருஷம் எங்கிட்டப் படிச்ச பிள்ளைங்க எல்லாரும் எழுதுவாங்க. இதுல யார் பேர்ல நான் எழுதுறது மேடம்?”

ஜமீலா கட்டுரையைப் பக்கம் கட்டுகிறவரிடம் கொடுத்தனுப்பினார். மணி மூன்றே முக்கால்.

“நீங்க எழுத வேண்டாம் சார். அடுத்த மாசம் வாசகர் கடிதத்துக்கு நாலு பக்கம் விட்டு வைக்கச் சொல்றேன்.”