எட்டுச் சுற்றுச் சங்கு

கடலோரப் பாறைகளுக்கு நடுவே ஒரு குட்டை இருந்தது. அந்தக் குட்டையில் பதினோரு சங்கு நண்டுகள் குடியிருந்தன.

சங்கு நண்டுக்கு முன்பாதி கெட்டி, பின்பாதி வெண்ணெய். யாரோ விட்டுப்போன காலிச் சங்கு ஒன்றைத் தேடிப் பிடித்து, பின்பாதியை அதற்குள் நுழைத்துக்கொண்டு, அதைச் சுமந்தபடியேதான் அது காலம் தள்ளும். உடம்பு வளரும், சங்கு வளராது. அப்போது வேறு சங்கு பார்த்தாக வேண்டும்.

அதற்கு அந்தக் குட்டையில் ஒரு முறை உண்டு. பெரிய காலிச் சங்கு ஒன்று ஒதுங்கினால், எல்லா நண்டுகளும் அதன் முன்னால் வரிசை கட்டும். பெரியது முதலில், சிறியது கடைசியில். முதல் நண்டு புதுச் சங்கில் ஏறும். அது விட்ட சங்கில் இரண்டாவது ஏறும். அது விட்டதில் மூன்றாவது. டக், டக், டக்கென்று ஒரே நிமிடத்தில் பதினோரு பேரும் வீடு மாறிவிடுவார்கள். சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது.

ஆனால் முதலில் நிற்பவர் ஏற வேண்டும்!

ஒருநாள் விடியற்காலை அருமையான சங்கு ஒன்று குட்டையோரம் ஒதுங்கியது. செங்காலன்தான் அங்கே எல்லோரிலும் பெரியவன். அவன் முதலில் வந்து நின்றான். அவனுக்குப் பின்னால் நுரைச்சி. அவள் வயிற்றின் மேல் ஆயிரம் முட்டைகள் ஒட்டியிருந்தன. அவளுக்குப் பின்னால் கட்டையன். அவனுக்குப் பின்னால் மற்ற எட்டுப் பேர்.

செங்காலன் சங்கை உருட்டினான். கொடுக்கை உள்ளே விட்டு அளந்தான். மீசையால் தடவிப் பார்த்தான்.

"எப்படி அண்ணாச்சி இருக்கு?" என்றாள் நுரைச்சி.

"நல்லாத்தான் இருக்கு."

"அப்பொ ஏறுங்க!"

"ஏறலாம்..."

பின்னால் நின்ற பத்துப் பேரும் தங்கள் சங்குகளிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் உள்ளான் வந்து சேர்ந்தது.

உள்ளான் என்பது அலை விளிம்பில் விறுவிறுவென்று ஓடித் திரியும் சின்னப் பறவை. எந்தக் கரையில் என்ன ஒதுங்கியது, இனி என்ன ஒதுங்கப் போகிறது என்று அதனிடம் எப்போதும் ஒரு செய்தி இருக்கும். இதில் அதற்கு லாபம் ஒன்றும் இல்லை. நாலு பேர் நின்று கேட்கிறார்கள் அல்லவா, அது போதும்.

"என்ன செங்காலா, இதையா எடுக்கப் போற?"

"ஏன், இதுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. எடு, எடு. நல்ல சங்குதான். போன வருஷத்துச் சரக்கு!"

செங்காலன் தூக்கிய காலைக் கீழே வைத்தான்.

"பௌர்ணமிக்குக் கடல் பொங்குற ஓதத்துல எட்டுச் சுத்துச் சங்கு வருது!" என்றது உள்ளான். "வடக்கேயிருந்து வந்த என் மச்சான் கண்ணால பாத்திருக்கான். இது ஆறு சுத்துதானே? அது எட்டு! எடை இதுல பாதி! இதுல ஒருதடவை தண்ணி புடிச்சா ஒரு நாள்தான் நிக்கும். அதுல ரெண்டு நாள் நிக்கும்!"

"பௌர்ணமிக்கு எத்தனை நாள் இருக்கு?"

"இன்னைக்கோட சேத்து ஆறே நாள்!"

சொல்லிவிட்டு உள்ளான் ஓடிவிட்டது. அடுத்த கரையிலும் அதைக் கேட்க ஆள் இருந்தது.

"எட்டுச் சுத்து உங்களுக்கு எதுக்கு அண்ணாச்சி?" என்று பின்னாலிருந்து கத்தினான் கட்டையன். "உங்க வாலே ரெண்டரைச் சுத்துதானே!"

"இன்னைக்கு ரெண்டரை. நாளைக்கு?"

"நாளைக்கும் ரெண்டரைதான்!"

நுரைச்சி நிதானமாகப் பேசிப் பார்த்தாள். "அண்ணாச்சி, எனக்கு முட்டை முத்திட்டு. பௌர்ணமி ஓதத்துல கடல்ல கொண்டுபோய் விட்டாகணும். இங்கிருந்து தண்ணி விளிம்பு வரைக்கும் காஞ்ச மணல். என் சங்குல நானே நெருக்கிக்கிட்டுக் கெடக்கேன். வழிக்கு ஒரு வாய்த் தண்ணி ஊத்தி வைக்க எடமில்ல. தண்ணி இல்லாம நடந்தா முட்டை அத்தனையும் காஞ்சுரும். நீங்க இதுல ஏறிட்டா, உங்க சங்கு எனக்குப் போதும். நான் பாட்டுக்குப் போயிருவேன்."

"புரியுது தங்கச்சி. ஆறு நாள்தானே?"

"ஆறாவது நாள்தான் பௌர்ணமி!"

"அதான் சொல்லுதேன். அன்னைக்குப் பாத்துக்கிடலாம்."

"சரி, இது வேண்டாம்னா விட்டுருங்க. கையை எடுங்க!"

"வேண்டாம்னு நான் எப்பொ சொன்னேன்?" என்று செங்காலன் தன் பெரிய கொடுக்கை எடுத்துச் சங்கின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டான்.

அதன் பிறகு அவன் ஏறவும் இல்லை, கொடுக்கை எடுக்கவும் இல்லை.

இரண்டாம் நாள் அவன் யோசனை கேட்க ஆரம்பித்தான். "கட்டையா, நீயா இருந்தா என்ன செய்வ?"

"ஏறுவேன்!"

"நீ எப்பவும் அவசரக்காரன்." அடுத்தவனைக் கேட்டான். அவனும் ஏறுவேன் என்றான். அதற்கடுத்தவனும் ஏறுவேன் என்றான். பத்துப் பேரையும் கேட்டு முடித்துவிட்டுச் செங்காலன் தலையை ஆட்டினான். "எல்லாரும் ஒண்ணுபோலச் சொல்லுதீங்க. அப்பொ யாருமே யோசிக்கலைன்னு அர்த்தம்!"

கட்டையன் தலையைச் சங்கில் முட்டிக்கொண்டான்.

"ஒருதடவை ஏறித்தான் பாருங்களேன்," என்றாள் நுரைச்சி. "புடிக்கலைன்னா இறங்கிருங்க."

"நல்ல கதை! ஏறின நிமிஷமே அது பழைய சங்கு ஆயிரும்லா?"

"பழசு ஆனா என்ன? குடியிருக்கத்தானே சங்கு?"

 செங்காலன் மறுபடி ஒருமுறை சங்கை அளந்தான்.

மூன்றாம் நாள் நுரைச்சியின் சங்கு விளிம்பிலிருந்து முட்டைகள் பிதுங்க ஆரம்பித்தன. உள்ளே இடம் போதவில்லை. பத்து, இருபது என்று குட்டைத் தண்ணீரில் விழுந்தன. விழுந்ததும் பொடிமீன்கள் வந்து கொத்திக்கொண்டு போயின.  நுரைச்சி காலால் விளிம்பைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

செங்காலன் அதைப் பார்த்தான். "அடடா, பாவமே!" என்றான். வாய்ப்பேச்சுக்காகச் சொல்லவில்லை, மனதோடுதான் சொன்னான். அவன் கெட்டவன் இல்லை. அவனுடைய சங்கும் அவனுக்குப் போதவில்லைதான். எவ்வளவு சுருங்கினாலும் பெரிய கொடுக்கு வாசலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. காக்கை கண்ணில் பட்டால் அவன் பாடு திண்டாட்டம். ஆனால் அவன் காக்கைக்குப் பயப்படவில்லை. நாளை மறுநாள் எவனாவது எட்டுச் சுற்றுச் சங்கில் அசைந்து அசைந்து வந்து, "ஓ, நீ அதையா எடுத்தே?" என்று கேட்டுவிடுவானோ என்றுதான் பயந்தான். அந்த ஒரு கேள்வி வரக் கூடாது என்பதற்காக நல்ல சங்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெயிலில் காய்ந்தான். தான் காய்ந்ததோடு நிற்காமல் பத்துப் பேரையும் காயவிட்டான்.

நான்காம் நாளும் அதே வரிசை, அதே வெயில், அதே அளவெடுப்பு.

"நான் வரிசையில நிக்க வந்தப்பொ எனக்குப் பசி இல்ல," என்றான் கட்டையன். "இப்பொ முன்னால நிக்கிறவங்க எல்லாரும் சாப்பாடாத் தெரியுதாங்க!"

ஐந்தாம் நாள் உள்ளான் திரும்பவும் வந்தது. செங்காலன் ஆவலாகக் கண்களை நீட்டினான்.

"என்ன சேதி? எட்டுச் சுத்து கிளம்பிட்டா?"

"கிளம்பிட்டு, கிளம்பிட்டு! ஆனா, அமாவாசைக்குப் பத்துச் சுத்து வரும்னு ஒரு பேச்சு அடிபடுது..."

நுரைச்சிக்கு அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் பொங்கிவிட்டது. "ஏ உள்ளான்! இத்தனை பேசுதியே, நீ ஒரு சங்காவது சுமந்திருக்கியா?"

"நான் எதுக்குச் சுமக்கணும்?" என்றது உள்ளான். "எனக்குத்தான் றெக்கை இருக்கே!"

ஆறாம் நாள் விடிந்தது. பௌர்ணமி. தூரத்தில் ஓதம் ஏறும் சத்தம் கேட்டது. நுரைச்சியின் முட்டைகள் நன்றாக முற்றிச் சாம்பல் நிறத்துக்கு மாறிவிட்டன. இன்றைக்கு விட்டால் உண்டு; இல்லாவிட்டால் இல்லை.

"வந்தாச்சு!" என்று அலறிக்கொண்டு உள்ளான் ஓடி வந்தது. "எட்டுச் சுத்து! கிழக்குப் பாறைக்கிட்ட ஒதுங்கியிருக்கு!"

ஆறு நாளில் முதல்முறையாகச் செங்காலன் கொடுக்கை எடுத்தான். "யாரும் இதைத் தொடாதீங்க! பாத்துட்டு இப்பொ வந்துருதேன்!" என்று தன் பழைய சங்கைச் சுமந்துகொண்டு கிழக்கே ஓடினான்.

வரிசை திகைத்து நின்றது. முதல் இடம் காலியாக இருந்தது. நுரைச்சி ஓர் அடி முன்னால் வைத்தாள்.

"தங்கச்சி, அது உனக்கு ரொம்பப் பெருசு," என்றான் கட்டையன்.

"தெரியும்."

"உள்ள கடகடன்னு ஆடும்."

"ஆடட்டும்."

"முறைப்படி அவருக்குப் பொறவுதான்..."

"அண்ணே! முறைன்னு சொல்லி இன்னும் ஒரு நாழிகை நின்னா, எனக்குப் புள்ளைங்க இல்ல!"

 நுரைச்சி தன் சங்கிலிருந்து வெளியே வந்தாள். வெண்ணெய் போன்ற உடம்பு ஒரு கணம் வெயிலில் பளபளத்தது. மறுகணம் பெரிய சங்குக்குள் போய்விட்டாள். ஆமாம், பெரிதுதான். ஆனால் அந்த வெற்றிடம் முழுக்கக் குட்டைத் தண்ணீரை மொண்டு நிரப்பிக்கொண்டாள். முட்டைகள் ஆறு நாளில் முதல்முறையாக நன்றாக நனைந்தன.

பின்னால் டக், டக், டக்! நுரைச்சி விட்டதில் கட்டையன், கட்டையன் விட்டதில் அடுத்தவன். ஆறு நாள் நடக்காதது ஒரே நிமிடத்தில் நடந்து முடிந்தது!

நுரைச்சி கனத்த சங்கை இழுத்துக்கொண்டு மணலில் இறங்கினாள். பாதி வழியில் மேலே ஒரு நிழல் விழுந்தது. காக்கை! அவள் சட்டென்று முழுவதுமாக உள்ளே சுருங்கிக்கொண்டாள். காக்கை சங்கை டொக்கு டொக்கென்று இரண்டு கொத்து கொத்தியது. அலகு வலித்ததுதான் மிச்சம். அது எரிச்சலோடு எழுந்து கிழக்குப் பாறைப் பக்கம் பறந்தது.

கிழக்குப் பாறையில் செங்காலன் சொக்கிப்போய் நின்றிருந்தான். உள்ளான் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை! எட்டுச் சுற்று. பீங்கான் போல வழவழப்பு. கொடுக்கை ஆசையாக உள்ளே விட்டான். ஏதோ ஈரமாகத் தட்டுப்பட்டது.

"யாருய்யா அது, வீட்டுக்குள்ள கையை விடுறது?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது.

கடல் நத்தை! சங்கைக் கட்டிய சொந்தக்காரர் உயிரோடு உள்ளேயே இருந்தார்.

"மன்னிக்கணும்," என்றான் செங்காலன். "சங்கு பாக்க வந்தேன். இது எப்பொ காலியாகும்?"

"என்ன கேட்ட?"

"ஒரு உத்தேசமாச் சொன்னாப் போதும். இருமல், சளி, அப்படி ஏதாவது தொந்தரவு உண்டுமா?"

"எங்க சனத்துல முப்பது வருஷம் இருப்போம். எனக்கு மூணுதான் ஆகுது! போவியா!"

நத்தை மூடியைப் படாரென்று சாத்திக்கொண்டது. அப்போதுதான் காக்கை இறங்கியது. செங்காலன் பதறித் தன் சங்குக்குள் சுருங்கினான். உடம்பு போயிற்று, கால்கள் போயின, பெரிய கொடுக்கு மட்டும் போகவில்லை. காக்கை அதைப் பிடித்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தது. கொடுக்கு கழன்றுகொண்டது. காக்கை அதைத் தூக்கிக்கொண்டு பறந்தது. உயிர் தப்பியதே போதும் என்று செங்காலன் எட்டுச் சுற்றுச் சங்கின் நிழலில் நடுங்கிக்கொண்டு கிடந்தான்.

அங்கே தண்ணீர் விளிம்பில் நுரைச்சி நின்றாள். ஓதம் வந்து அவளைத் தொட்டது. அவள் உடம்பை உதறினாள். முட்டைகள் வெடித்து, கண் மட்டும் தெரியும் குஞ்சுகள் ஆயிரமும் அலையோடு போயின. சரியாகச் சொன்னால் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்தக் குறைவு யாரால் வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

ஆனாலும் திரும்பும் வழியில் அவள் கிழக்குப் பாறைக்குப் போனாள். ஒற்றைக் கொடுக்கோடு கிடந்த செங்காலனைப் பார்த்ததும் கோபம் பாதி வடிந்துவிட்டது.

"அண்ணாச்சி, என் வேலை முடிஞ்சுட்டு. இந்தச் சங்கு எனக்குப் பெருசு, உங்களுக்குத்தான் கச்சிதம். வாங்க, இப்பவே மாத்திக்கிடலாம். காக்கை திரும்பி வரும்."

செங்காலன் அவள் சுமந்து வந்த சங்கைப் பார்த்தான். பக்கத்திலிருந்த எட்டுச் சுற்றுச் சங்கைப் பார்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான்:

"கொஞ்சம் பொறு தங்கச்சி. நத்தைக்குக் காலையில பேசும்போதே லேசா மூச்சு வாங்குன மாதிரி இருந்துது. ரெண்டு நாள் பாத்துட்டுச் சொல்லுதேனே!"

"அடப்பாவி! எனக்கு ஒண்ணுமில்லடா!" என்று மூடிக்குள்ளிருந்து நத்தை கத்தியது.

நுரைச்சி இரண்டு கொடுக்குகளாலும் தலையில் அடித்துக்கொண்டு குட்டையைப் பார்த்து நடந்தாள்.

இன்றைக்குத் தேவையானது கைக்கு எட்டியிருக்கும்போது, நாளை வரப்போகும் மேலானதற்காக அதை எடுக்காமலும் விடாமலும் உட்கார்ந்திருப்பவன், தானும் கெட்டுத் தன் பின்னால் நிற்பவர்களையும் கெடுப்பான்.