இரவல் சேலை கட்டிய கேள்வி

ஒரு நகரத்து நாடக அரங்கில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஒரு கேள்வி பிறந்தது. பிறந்த இடம், நடு வரிசையில் உட்கார்ந்திருந்த மரகதவல்லியின் நெஞ்சு.

மேடையில் ஒரு தாய் கதவுக்கு உள்பக்கம் நின்றாள். தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போன மகள் வெளியே நின்று, "அம்மா, நான்தான்" என்று தட்டினாள். தாய் தாழ்ப்பாளில் கை வைத்தாள். ஆனால் திறக்கவில்லை. நாடகம் முடிந்துவிட்டது.

'அந்தம்மா ஏன் கதவைத் திறக்கல?'

கேள்வி அவ்வளவுதான். குளித்துத் தலை சீவிக்கூட வரவில்லை, பிறந்த மேனிக்கு நின்றது.

மரகதவல்லி நாடகம் பார்க்கிற ஆள் இல்லை. பக்கத்து வீட்டார் போக முடியாமல் கொடுத்த பாஸில் வந்தவள். ஆனால் அவள் மகள் நிவேதாவும் அந்த நாடகத்து மகளைப் போல இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போனவள்தான். நாளைக் காலை வருவதாகப் போன் பண்ணியிருந்தாள். "அவ என் வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, மரகதவல்லியின் புருஷன் வெளியூருக்குக் கிளம்பிப் போய்விட்டார். பொழுது விடிவதற்குள் கேள்விக்குப் பதில் கிடைத்தாக வேண்டும்.

நல்லவேளை, நாடகத்துக்குப் பிறகு கலந்துரையாடல் என்று அறிவித்தார்கள். யாரும் எழுந்து போக வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதும் பாதிப் பேர் எழுந்து போனார்கள். மேடையில் நாற்காலிகள் வந்தன. பொன்னாடைகள் வந்தன. பேராசிரியர் அறவாழி, ஓர் ஆய்வாளர், இயக்குநர் இளஞ்சேரன், தாயாக நடித்த கோதை எல்லோரும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

'நமக்காகத்தான் இவ்வளவு பேர் வந்திருக்கிறார்கள்' என்று கேள்விக்கு ஒரே சந்தோஷம்.

பேராசிரியர் முதலில் பேசினார். கதவு என்பது கதவு அல்ல என்றார். அது அகத்துக்கும் புறத்துக்கும் நடுவிலுள்ள வெளி என்றார். ஆய்வாளர் அதை மறுத்து, கதவு என்பது அரசு, தட்டுகிறவள் குடிமகள் என்றார். இளஞ்சேரனிடம் கேட்டால், "நான் எதுவும் சொல்ல மாட்டேன். பாக்கிறவங்க முடிவு பண்ணட்டும்" என்று சிரித்தார். கோதை ஓரத்து நாற்காலியில் பொன்னாடை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். மைக் அவள் பக்கம் போகவே இல்லை.

கேள்விக்குத் தலை சுற்றியது. கதவு கதவு இல்லையென்றால் தான் எதைப் பற்றிப் பிறந்தோம்? தட்டுகிறவள் குடிமகள் என்றால், நாளைக் காலை வரப்போவது யார்?

பார்வையாளர்கள் பேசலாம் என்றதும் மைக் கீழே இறங்கி வந்தது. அதைக் கேள்வி ஓடிப்போய் மறித்தது.

"மைக் அண்ணே, நீங்க எல்லாத்தையும் கேட்டீங்களே. அந்தக் கதவு என்னதான் அண்ணே?"

"என்னைக் கேட்டா? சத்தம் என் இலாகா. பொருள் வேற இலாகா."

அதற்குள் ஒரு கருத்து இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னே போனது. தொந்தி தள்ளிய பெரிய கருத்து.

"வரிசை கேள்விகளுக்கு மட்டும்தானே?" என்றது கேள்வி.

"நானும் கேள்விதான். கடைசியில் 'இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்' என்று வால் ஒட்டியிருக்கிறேன், பார்" என்று சொல்லிக்கொண்டே போய் நெடுநேரம் பேசிவிட்டு வந்தது. நல்ல கைதட்டல்.

"பார்த்தியா?" என்றது மைக். "நீ இப்படிப் பிறந்த கோலத்தில் போனால் சிரிப்பார்கள். ஏதாவது எடுத்து உடுத்திக்கொள்."

மேடையிலிருந்து சிந்திய சொற்கள் தரையெல்லாம் கிடந்தன. கேள்வி அவசர அவசரமாகப் பொறுக்கியது. 'வெளி'யை எடுத்துக் கட்டியது. 'கட்டமைப்பு' இடுப்பில் நிற்கவில்லை, இறுக்கி முடிந்தது. 'மறுவாசிப்பு' ஒன்றைக் கழுத்தில் போட்டது. இத்தனைக்கும் இடம் வேண்டுமே, தன்னோடு பிறந்த நாலு வார்த்தைகளையும் நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டது. இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்த கதைதான்.

மரகதவல்லியின் கைக்கு மைக் வந்தது. எல்லாத் தலைகளும் திரும்பின. அவள் எழுந்து நின்றாள்.

"வணக்கங்க. அந்தக் கதவுங்கிற வெளி... அது ஒரு கட்டமைப்பா... மறுவாசிப்புல அத நாம எப்படிப் பாக்கலாம்?"

வாயிலிருந்து வந்தது யார் என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் பேராசிரியருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அருமையான கேள்வி! இன்றைய மாலையின் சிறந்த கேள்வி இதுதான்!" பாவம், மனிதர் உண்மையாகவே மகிழ்ந்து, தனக்குத் தெரிந்த அத்தனையையும் சொன்னார். பெரிய பதில். கேள்வி இரண்டு கையாலும் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தது. யார் வீட்டுப் பதில் இது? எந்தப் பக்கம் புரட்டினாலும் நிவேதா இல்லை.

நன்றியுரை முடிந்தது. கேள்விக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரவலையெல்லாம் உதறிவிட்டு, நாற்காலிக்கு அடியில் தவழ்ந்து, தன் நாலு வார்த்தைகளையும் தூசி தட்டி எடுத்துக்கொண்டு மரகதவல்லியின் நெஞ்சுக்கே திரும்பிப் போனது.

வாசலுக்குப் பக்கத்தில் தண்ணீர் குடிக்க நின்றவளை, பாதி கலைத்த ஒப்பனையோடு கோதை வந்து பிடித்தாள்.

"அம்மா, நீங்க வேற என்னமோ கேக்க வந்தீங்க. மேடையிலருந்து பாத்தேன், உங்க மூஞ்சி ஒண்ணு கேட்டுச்சு, வாய் ஒண்ணு கேட்டுச்சு."

"சிரிக்க மாட்டீங்களே? நீங்க... அந்தம்மா ஏன் கதவைத் திறக்கல?"

கோதை சிரிக்கவில்லை. கேள்வி அவள் தொண்டைக்குள் எட்டிப் பார்த்தது. அங்கே அச்சு அசலாகத் தன்னைப் போலவே ஒரு கேள்வி உட்கார்ந்திருந்தது.

"நீ எப்ப வந்தே?" என்றது இது.

"முதல் ஒத்திகையிலேயே."

"யாரையும் கேக்கலையா?"

"இவ கைக்கு மைக்கே வரலையே."

"எனக்கும் தெரியலம்மா" என்றாள் கோதை. "ஒவ்வொரு தடவையும் தாழ்ப்பாள்ல கைய வச்சுட்டு நானும் இதைத்தான் கேட்டுக்கிறேன். ஆனா எனக்கு ஒரு சௌகரியம். கைய வச்சதும் லைட்ட அணைச்சிருவாங்க. நான் திறக்கவும் வேண்டாம், திறக்காம இருக்கவும் வேண்டாம்."

மரகதவல்லி தம்ளரைக் கீழே வைத்தாள். பதில் வரும் என்று காத்திருந்த கேள்வி, அவள் நெஞ்சில் எதுவும் புரியாமல் விழித்தது.

"என் மக வர்றது காலையிலம்மா" என்றாள் அவள். "அங்க லைட்ட அணைக்க ஆளில்ல."