ஐந்து எழுத்தும் மாட்டுச்சந்தை மைதானமும்

இங்கிலீஷ் என்றால் வாயைப் பிளக்கிற ராசா ஒருத்தர் வருசப்பட்டி ஜமீனில் இருந்தார். பேர் குமாரவீர ராசா. கலெக்டர் துரை அவருக்கு ஒரு பெட்டி நிறைய யானைத் தந்தத்தில் செய்த வில்லைகள் கொடுத்துவிட்டுப் போனார். வில்லைக்கு ஒரு இங்கிலீஷ் எழுத்து. அன்றிலிருந்து அரண்மனையில் வில்லையை அடுக்கி வார்த்தை சேர்க்கும் விளையாட்டைத் தவிர வேறு வேலையே நடக்கவில்லை.

இதில் கொழுத்தவர் துரைமார் பேச்சை ராசாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்லும் துபாஷி பராங்குசம். சென்னைப் பட்டணத்தில் படித்தவர். அரண்மனையில் இங்கிலீஷ் தெரிந்த ஒரே ஆள். மாட்டுச்சந்தை கூடும் மைதானத்தின் மேல் அவருக்கு ஒரு கண். அங்கே பங்களா கட்ட வேண்டுமாம்.

சபையில் எதிர்த்து எழுந்தவன் ஒச்சப்பன். மாட்டுத் தரகனாக இருந்து, வாய்ச் சாமர்த்தியத்தால் சபைக்கு வந்தவன். மூக்குக்கு மேல் கோபம்.

"ராசா, சந்தை போனா சுத்துப்பட்டு சனமெல்லாம் மாட்டை எங்க கொண்டுபோய் விக்கும்? இவரு வீட்டு மாடியிலயா?"

துபாஷி சிரித்தார். "இங்கிலீஷ் தெரியாதவன் பேச்சைக் கேட்டா துரைமார் நம்மளைப் பாத்துச் சிரிப்பாங்க, மகாராஜா. இவன் என்னோட எழுத்து விளையாட்டு ஆடட்டும். ஜெயிச்சா சந்தை அவனுக்கு. தோத்தா மைதானம் எனக்கு."

ராசாவுக்கு விளையாட்டு என்றால் போதும். "சபாஷ்!" என்று தொடையைத் தட்டினார். பெட்டிக்குள் கைவிட்டு ஐந்து எழுத்தைப் பொறுக்கினார். ஏ, ஈ, ஆர், எஸ், டி. "இந்த அஞ்சுக்குள்ளதான் வார்த்தை வைக்கணும். ஒரு வார்த்தையில ஒரு எழுத்து ஒரு தடவைதான். வில்லை பெட்டியில வேணுங்கிற மட்டும் இருக்கு. யார் அதிகம் வைக்கிறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க."

"சரி தப்பு யாரு சொல்றது?" என்றான் ஒச்சப்பன்.

"துபாஷிதான். வேற யாருக்குத் தெரியும்?"

ஒச்சப்பனுக்குக் காது சிவந்தது. "விக்கிறவனே தராசையும் பிடிக்கிறானா?" என்று பல்லைக் கடித்தான். ஆனாலும் உட்கார்ந்தான். "அவரே முதல்ல ஆடட்டும்."

ராசாவின் முன்னால் எதையும் வெறுந்தரையில் வைக்கக் கூடாது என்பது அந்த அரண்மனை வழக்கம். அதனால் வார்த்தைக்கு ஒரு பித்தளைத் தட்டு. பார்த்து முடித்ததும் வாழையிலை போட்டு மூடிவிடுவாள் தட்டுக்காரி செவத்தாயி.

துபாஷி ஆரம்பித்தார். "டீ. குடிக்கிறது." மூடு. "ராட். எலி." மூடு. "ஸ்டார். நட்சத்திரம்." மூடு. ஈஸ்ட், ஸீட் என்று மடமடவென்று வந்தது. பிறகு கொஞ்சம் நின்றார். மீசையைத் தடவினார்.

"டெஸ்ரா. அதாவது மகாராஜா, இங்கிலாந்து ராணி காலையில குடிக்கிற கஞ்சி. தினமும் இல்ல. வெள்ளிக்கிழமை மட்டும். வெள்ளிக் கிண்ணத்துல."

"அடேங்கப்பா!" என்றார் ராசா.

"ராஸ்டே. குதிரைக்குச் சளி பிடிச்சா கழுத்துல கட்டுற கம்பளி. சிவப்புக் கம்பளிதான் கட்டணும், நீலம் ஆகாது. எஸ்ட்ரா. துரைமார் மாமியாருக்கு மட்டும் போடுற தனிக் கும்பிடு. இடது கையைப் பின்னால கட்டிக்கிட்டு..."

ஒச்சப்பன் காதைத் தீட்டிக்கொண்டான். நல்ல மாட்டை விற்கிறவன் இரண்டு வார்த்தையில் நிறுத்துவான். நொண்டி மாட்டை விற்கிறவன்தான் அதன் பாட்டன் முப்பாட்டன் கதையெல்லாம் சொல்வான். எத்தனை சந்தையில் பார்த்திருக்கிறான்!

அதற்குள் சாப்பாட்டு மணி அடித்தது. ராசாவும் துபாஷியும் எழுந்து போனார்கள். ஒச்சப்பன் பசியில்லை என்று சொல்லிவிட்டான்.

அவர்கள் ஏப்பம் விட்டுக்கொண்டு திரும்பியபோது, ஒச்சப்பன் பக்கம் மூன்று தட்டுகள் இலை மூடி இருந்தன.

"ஓய், மூணா?" துபாஷி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "திற, பாப்போம்."

முதல் இலையை எடுத்தான். துபாஷி குனிந்து பார்த்தார். "இது வார்த்தையா? உளறல்!"

"நல்லாப் பாத்துச் சொல்லும் அய்யா. துரைமார் யாரும் சொல்லியிருக்க மாட்டாங்களா?"

"அவங்க வீட்டு நாய்கூடச் சொல்லாது!"

இரண்டாவது இலை. "இது அதைவிடக் கேவலம்!" மூன்றாவது. "மகாராஜா, கண்ணை மூடிக்கிட்டு வில்லையை அள்ளிப் போட்டிருக்கான். இதுல ஒண்ணுகூட இங்கிலீஷ் இல்ல. சத்தியம்!"

"சத்தியமே பண்ணியாச்சா?" என்றான் ஒச்சப்பன். "செவத்தாயி, துபாஷி அய்யா பக்கத்துல கடைசி மூணு தட்டைத் திற."

திறந்தாள். மூன்றும் காலி.

"சாப்பிடப் போனீங்கள்ல, அப்ப ஒச்சப்பன் தூக்கச் சொல்லுச்சு, ராசா. இங்கருந்து தட்டோட தூக்கி அங்க வச்சுட்டு, இங்க காலித் தட்டை வச்சு இலை மூடினேன். வில்லை ஒண்ணுகூட அசையல," என்றாள் அவள்.

ஒச்சப்பன் ஒவ்வொரு தட்டாகக் காட்டினான். "இது ராணி குடிக்கிற கஞ்சி. இது குதிரைக் கம்பளி. இது மாமியார் கும்பிடு. வாய்க்கு வந்தபடி அடுக்கினதால தன் சரக்கே அவருக்கு அடையாளம் தெரியல. மூணும் உளறல்னு அவரு வாயாலயே சொல்லிட்டாரு!"

துபாஷியின் முகம் பேயறைந்த மாதிரி ஆனது. ராசாவின் முகம் கடுகடுத்தது. "கஞ்சிக்கு நான் வெள்ளிக் கிண்ணமே சொல்லி வைக்கலாம்னு இருந்தேனேய்யா!" என்று உறுமினார். "சந்தை இருந்த இடத்துலயே இருக்கும். இனிமே வாராவாரம் அங்க சாணி அள்ளுறது உம்ம பொறுப்பு."

தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து ஒச்சப்பனுக்குப் போர்த்தினார். அப்புறம்தான் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏன்டா ஒச்சப்பா, மூணும் சரியான வார்த்தைன்னு இவன் சொல்லியிருந்தா என்ன செஞ்சிருப்ப?"

"அதுக்கென்ன ராசா? எனக்கு மூணு சேரும், அவருக்கு மூணு குறையும். அவரு பக்கத்துல மிச்சம் இருக்கிற அஞ்சையும் தூக்கிட்டு வரத்தான் செவத்தாயியை நிக்கச் சொல்லியிருந்தேன்!"

ராசா சிரித்த சிரிப்பில் பெட்டி கவிழ்ந்து இங்கிலீஷ் முழுக்கத் தரையில் உருண்டது.