சாட்சி கிடைக்காத மன்னர்

முன்னொரு காலத்தில், எல்லைப் போர்கள் ஓய்ந்து அரசர்களுக்குப் பொழுது மிஞ்சத் தொடங்கிய நாட்களில், ஒரு நாட்டு மன்னருக்கு விசித்திரமான ஆசை ஒன்று பிறந்தது. நாட்டில் அறியத்தக்க மனிதர் அனைவரையும் பற்றி ஒரே சுவடியில் எழுதிவைக்க வேண்டும். அதையும் மக்களே எழுத வேண்டும். தேரடிக்கு அருகே ஒரு மண்டபம் எழுந்தது. வெற்றோலைகளும் எழுத்தாணிகளும் வைக்கப்பட்டன. எழுத்தறிந்த எவரும் எவரைப் பற்றியும் எழுதலாம். விதிகள் இரண்டே: தன்னைப் பற்றித் தானே எழுதலாகாது, ஒருவரால் ஆதாயம் பெறுபவரின் சொல் அவருக்குச் சாட்சியாகாது.

சுவடியைக் காக்கும் பொறுப்பு அவையின் விகடன் விடங்கனிடம் வந்தது. மூன்றே ஆண்டுகளில் அவனுக்குச் சிரிப்பு மறந்துபோனது. காலையில் சுவடிக் கட்டை அவிழ்த்தால் புதிய ஓலைகள் காத்திருக்கும். ‘பத்துத் திசையும் புகழும்’ என்று தொடங்கும் ஓலையை எழுதியவர் புகழப்பட்டவரின் மருமகனாக இருப்பார். ‘நடுநிலையாளர் பலர் கூறுவதாவது’ என்று தொடங்கினால், எழுதியவர் அவரேதான். விடங்கன் உருவிப் போடுவான்; மறுநாள் அதே ஓலை வேறு கையெழுத்தில் வந்து சேரும்.

இவர்களுள் சலிப்பறியாதவர் ஆஸ்தானப் புலவர் கனகசபாபதியார். மாணாக்கரைக் கொண்டு எழுதுவித்தார். கோயில் சுவரில் தம் புகழைத் தாமே வெட்டுவித்து, அந்தக் கல்வெட்டைச் சாட்சியாகக் காட்டினார். நாற்பத்தொரு முறை அவருடைய ஓலை உருவப்பட்டது. நாற்பத்திரண்டாம் முறை எழுதாமல், அவர் நேரே அரசவைக்கு வந்தார்.

“மன்னர் பெருமானே, சுவடியின் விதி எல்லோர்க்கும் ஒன்றுதானே?”

“ஐயமென்ன, புலவரே?”

“ஆயின், தங்களைப் பற்றிய முப்பது ஓலைகளை எழுதியவர்கள் அமைச்சர், படைத்தலைவர், அடியேன். மூவரும் தங்களிடம் ஊதியம் பெறுபவர்கள். விடங்கன் அவற்றைத் தொடவில்லை. அஞ்சினானா, இச்சகம் செய்தானா என்பதை அவனே சொல்லட்டும்.”

உருவியிருந்தால் ராஜநிந்தனை, உருவாததால் பாரபட்சம். பொறி நேர்த்தியாகவே செய்யப்பட்டிருந்தது. இந்த நேர்த்தியில் கால் பங்கைச் செய்யுளில் காட்டியிருந்தால் புலவருக்கு இத்தனை ஓலை தேவைப்பட்டிராது என்று விடங்கன் எண்ணிக்கொண்டான். சொல்லவில்லை, சொல்ல அலுப்பாக இருந்தது.

மன்னரின் முகம் இறுகியது. “விடங்கா, அந்த ஓலைகளை இன்றே நீக்கு. ஆனால் நம் பெயருக்குரிய இடம் வெறுமையாக இருக்கலாகாது. நம்மால் ஆதாயமும் அச்சமும் இல்லாத ஒருவரின் சொல்லால் அது ஐந்து நாளில் நிரம்ப வேண்டும். தவறினால் சுவடி புலவரிடம் போகும். நீ நாட்டை விட்டுப் போவாய்.”

“மகாராஜா, இந்நாட்டில் தங்களால் ஆதாயமில்லாதவருக்கு அச்சம் உண்டு, அச்சமில்லாதவருக்கு ஆதாயம் உண்டு. இரண்டும் இல்லாதவர், தங்களை அரசர் என்றே அறியாதவராகத்தான் இருக்க முடியும். ஆகவே நாளைக் காலை தாங்கள் முரட்டு வேட்டி கட்டிக்கொண்டு என்னோடு வர வேண்டும். புலவரும் வரட்டும். பிறகு நான் புனைந்தேன் என்ற பேச்சு வரலாகாது.”

மறுநாள் மூவரும் எல்லையிலுள்ள ஆற்றுத்துறைக்குச் சென்றார்கள். மழைக்காலத்தில் அண்டை நாட்டு உப்பு வண்டிகள் அங்கே நாள்தோறும் சேற்றில் சிக்கும் என்பது விடங்கனுக்குத் தெரியும். அன்றும் ஒரு வண்டி அச்சுவரை புதைந்து கிடந்தது.

“யோவ், வேடிக்கை பாக்கவா வந்தீங்க? ஒரு கை குடுங்கய்யா,” என்றான் வண்டிக்காரன் கருத்தாண்டி.

மன்னரை இப்படி யாரும் ஏவியதில்லை. அவர் திகைத்துத் திரும்பினார். விடங்கன் அதற்குள் மாட்டுக் கயிற்றைப் பிடித்திருந்தான். புலவர் ஆடையைத் தூக்கிப் பிடித்தபடி மருதமரத்து நிழலுக்குப் போயிருந்தார். மன்னர் சேற்றில் இறங்கிச் சக்கரத்துக்குத் தோள் கொடுத்தார். வழுக்கி மண்டியிட்டபோது, அவையில் யாரும் கேட்டிராத ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்தது. இரண்டாம் முறை வழுக்கியபோது வந்தது அதனினும் முற்றியது. மூன்றாம் முறை வண்டி மேலே ஏறியது.

“நல்ல தோளு. உன் பேரென்னய்யா?”

“சாத்தன்,” என்றார் மன்னர். அது பொய்யன்று, பட்டங்கள் வந்து சேருமுன் தாய் இட்ட பெயர் அது.

“எங்க ஊர்ல ஆடு மேய்க்கிறவனும் சாத்தன்தான். ஆனா அவன் வாயி இம்புட்டு நாறாது.”

விடங்கன் ஓலையை எடுத்தான். “அண்ணே, இந்தச் சாத்தனைப் பத்தி நாலு வார்த்தை சொல்லு. சுவடியில வைக்கணும்.”

“வண்டியத் தூக்குனதுக்கா? உங்க நாட்டுல வேற வேலையே இல்லையா?”

“இல்ல அண்ணே,” என்றான் விடங்கன், உள்ளத்தின் ஆழத்திலிருந்து.

ஐந்தாம் நாள் அவையில் ஓலை படிக்கப்பட்டது. ‘சாத்தன்: துறையில் புதைந்த உப்பு வண்டியைத் தோள் கொடுத்துத் தூக்கியவன். இரண்டு முறை வழுக்கியும் விடவில்லை. வாய் மோசம். சொன்னவன், இவனிடம் எதையும் எதிர்பாராத கருத்தாண்டி.’

அமைச்சர்கள் தரையைப் பார்த்தார்கள்.

“அபசாரம்,” என்றார் புலவர். “தவிரவும், அந்தச் சாத்தன் நம் மன்னர்தாம் என்பதற்கு என்ன சாட்சி?”

“நாமே சொல்கிறோம், அது நாம்தான்,” என்றார் மன்னர்.

“மன்னிக்க வேண்டும், மகாராஜா. தன்னைப் பற்றித் தான் சொல்வது செல்லாது,” என்றான் விடங்கன். “நானும் புலவரும் தங்கள் சோற்றைத் தின்பவர்கள்; நாங்கள் சொல்வதும் செல்லாது. தங்கள் பெயருக்குரிய இடம் வெறுமையாக இருக்கலாகாது என்பது ஆணை. தங்கள் பெயர் சாத்தன்; இடம் நிரம்பிவிட்டது. அதைத் தாங்கள்தாம் என்று நம்புவதும் நம்பாததும் படிப்பவர் பாடு.”

மன்னர் ஓலையை வாங்கித் தாமே இன்னொரு முறை படித்தார். முன்பிருந்த முப்பது ஓலைகளில் எதையும் அவர் இருமுறை படித்ததில்லை. அவர் தோள்கள் மெல்லக் குலுங்கின.

“புலவரைப் பற்றி அவன் என்ன சொன்னான்?”

“கேட்டேன், மகாராஜா. ‘மரத்தடியில ஒருத்தர் நின்னாரா?’ என்று என்னையே திருப்பிக் கேட்டான். அதை எழுதுவதா என்றுதான் யோசிக்கிறேன்.”

அவை அதிரச் சிரித்த மன்னர் வேண்டியதைக் கேட்கச் சொன்னார். விடங்கன் ஒரு மாத விடுப்புக் கேட்டான், கிடைத்தது.

அது ஆறு நாள் நீடித்தது. ஏழாம் நாள் கருத்தாண்டி முறையிட வந்திருப்பதாகச் சொல்லி விடங்கனை அவைக்கு அழைத்தார்கள்.

“ஐயா, உங்க ஊர்ப் பெரிய மனுசங்க பதினேழு பேரு துறையில நிக்கிறாங்க,” என்று தலைகவிழ்ந்தபடி சொல்லிக்கொண்டிருந்தான் அவன். “நல்லாப் போற வண்டியையும் இழுத்துச் சேத்துல விட்டுட்டு, நாந்தான் தூக்குவேன்னு சண்டை. அதுல ஒருத்தரு ஓலையும் கையுமா முன்னாடி நிக்கிறாரு, பாட்டு வேற பாடுறாரு. நாங்க உப்பு கொண்டு போக வேணாமா?” சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவன், அரியணையில் இருந்தவரைக் கண்டான். முகம் வெளிறி, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

கிடந்தபடியே விடங்கன் பக்கம் முகத்தைத் திருப்பிக் கிசுகிசுத்தான். “தம்பி, வாயி மோசம்னு சொன்னேனே, அதைத் தேன் மாதிரின்னு மாத்தி எழுதிரு.”

“முடியாது அண்ணே. உனக்கு அவரைத் தெரிஞ்சுபோச்சு. இனி உன் சாட்சி செல்லாது.”

அதைக் கேட்ட மன்னர் கண்ணில் நீர் வழியச் சிரித்தார். துறையில் நிற்பவர்களை விரட்டக் காவலரை அனுப்பிவிட்டு, தம் கையிலிருந்த பொற்கடகத்தைக் கழற்றி விடங்கனுக்கு அணிவித்தார். விடுப்பையும் அன்று முதல் புதிதாகத் தொடங்கச் சொன்னார். விடங்கன் வணங்கி ஏற்றுக்கொண்டு, மண்டபத்தை நோக்கி நடந்தான். விடுப்பில் போகுமுன், துறையிலிருந்து அதற்குள் வந்து சேர்ந்திருந்த பதினேழு ஓலைகளை உருவ வேண்டியிருந்தது.