மடிப்பு வெட்டாத மூன்றாம் பாகம்

பழைய ஆங்கிலப் புத்தகங்களைச் சேர்க்கும் வித்தையை அரங்கநாயகம் தன்னைவிட வயதில் இளைய ஒருவரிடம் கற்றார். அவர் பெயர் ஜெசிந்தா. குன்னூரில், ரயில் நிலையத்துக்கு மேலே ஏறும் சாலையில் தகரக் கூரை போட்ட ஒரு வீட்டில் தனியாக இருந்தார். சாப்பாட்டு மேஜையைத் தவிர அந்த வீட்டில் எல்லா இடமும் புத்தகங்களுக்கு. மழைக்காலத்தில் ஒவ்வொரு அலமாரிக்குள்ளும் ஒரு குண்டு பல்பை எரியவிட்டு ஈரத்தை விரட்டுவார்.

அரங்கநாயகம் கோயம்புத்தூரில் ஒரு ஆலையில் கொதிகலன் பொறுப்பில் இருந்து ஓய்வு பெற்றவர். முதல் முறை வந்தபோது ஒரு துண்டில் சுற்றி இரண்டு புத்தகங்கள் கொண்டுவந்தார். பழுப்புத் துணி அட்டை. ஒரே நாவலின் முதல் பாகமும் இரண்டாம் பாகமும். அந்தக் காலத்து இங்கிலாந்தில் நாவல்களை மூன்று பாகங்களாகப் பிரித்து வெளியிடுவார்கள். வாடகை நூலகத்தில் ஒரே நாவலை ஒரே சமயத்தில் மூன்று பேர் எடுத்துப் போகலாம் என்று அந்த ஏற்பாடு. இவரிடம் மூன்றாவது இல்லை.

அதைத் தேடக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார்.

இரண்டையும் உக்கடத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கியவர் அவர் மனைவி சௌதாமினி. பெண்கள் பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர். மாலையில் ஒரு அத்தியாயம் வாசித்து, அதைத் தமிழில் கணவருக்குச் சொல்வார். கதையில் எலினர் என்று ஒரு பெண். அவளோடு சண்டை போட்டுக்கொண்டு ஒருவன் கப்பலேறிப் போய்விடுகிறான். இரண்டாம் பாகத்தின் முடிவில் அந்தக் கப்பல் திரும்பி வருகிறது. அவள் துறைமுகத்தில் நிற்கிறாள். கப்பலிலிருந்து ஏணியை இறக்குகிறார்கள். அத்துடன் பாகம் முடிந்துவிடுகிறது.

அவன் இறங்க மாட்டான் என்றார் சௌதாமினி. இறங்குவான் என்றார் அரங்கநாயகம். வருஷக்கணக்கில் இது ஓடியது. குழம்பில் புளி கூடிப்போனதில் தொடங்கிய பேச்சுகூட அந்தக் கப்பலில் போய்த்தான் நிற்கும். பிறகு சௌதாமினி இறந்துபோனார்.

ஜெசிந்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அந்த நாவல் மறுபடி அச்சாகவில்லை என்றார். இங்கிலாந்தில் ஏதாவது பெரிய நூலகத்தில் ஒரு பிரதி இருக்கக்கூடும், எழுதிக் கேட்டால் வேண்டிய பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புவார்கள் என்றார்.

படம் புத்தகம் ஆகாது என்றார் அரங்கநாயகம், சற்று அவசரமாக.

ஜெசிந்தா எழுந்து போய் ஒரு மெல்லிய தூரிகையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

தூசி தட்டுவதிலிருந்து ஆரம்பித்தது. முதல் நாள் அவர் விரலை நாக்கில் தொட்டுத் தாளைப் புரட்டினார். "அது பஸ் டிக்கெட் இல்ல சார்" என்றார் ஜெசிந்தா. தாளை எண்ணிச் சரிபார்க்கவும், பூஞ்சையை மோப்பத்தில் கண்டுபிடிக்கவும், அட்டை பழையதா பின்னால் போட்டதா என்று தையலைப் பார்த்துச் சொல்லவும் கற்றுக்கொண்டார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆங்கிலம் வாசிக்கவும் பழகினார். மலையில் எந்தப் பங்களா கைமாறினாலும் இருவரும் போவார்கள். கிளப்புகளின் பரணிலும், தேயிலைத் தோட்டத்து மாளிகைகளின் படிக்கட்டுக்கு அடியிலும் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பெட்டிகள் இருந்தன. பெரும்பாலும் பைபிளும் குதிரை வளர்ப்பும்.

ஒருமுறை ஜெசிந்தா கோயம்புத்தூரில் அவர் வீட்டுக்குப் போனார். கூடத்து அலமாரியில் அந்த நாவல் மூன்று பாகங்களாக நின்றது. மூன்றாவதை உருவிப் பார்த்தார். அது வேறு ஏதோ நாவலின் மூன்றாம் பாகம். அதே பழுப்பு, அதே உயரம்.

அரங்கநாயகம் கூச்சத்துடன், வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியவில்லை என்றார்.

ஜெசிந்தா அந்தப் புத்தகத்தைத் தன் பையில் போட்டுக்கொண்டார். மற்ற இரண்டும் சாயாமல் இருக்க ஒரு செங்கல்லைத் துணியில் சுற்றி முட்டுக் கொடுத்தார். காபி குடித்துவிட்டுக் கிளம்பினார்.

அடுத்த மழைக்குப் பிறகு கோத்தகிரிப் பாதையில் ஒரு பங்களாவை இடிக்கப் போவதாகச் செய்தி வந்தது. போனார்கள். தேயிலைப் பெட்டிகள் தாழ்வாரத்தில் அடுக்கியிருந்தன. ஒன்றை அவரும் இன்னொன்றை ஜெசிந்தாவும் கிளறினார்கள்.

ஜெசிந்தாவின் கை நின்றது.

பழுப்புத் துணி அட்டை. முதுகில் நாவலின் பெயர். அடியில் மூன்று என்ற எண். முதல் இரண்டு பாகங்கள் அந்தப் பெட்டியில் இல்லை. அந்த வீட்டிலும் யாரோ ஏணி வரை வாசித்துவிட்டு நின்றிருக்க வேண்டும், ஏனென்றால் இதன் மடிப்புகள் வெட்டப்படவே இல்லை. அந்தக் காலத்தில் அச்சிட்ட தாளை மடித்து அப்படியே தைத்துக் கொடுத்துவிடுவார்கள். வாங்கியவர் கத்தியால் ஓரங்களை வெட்டிப் பிரித்துக்கொள்ள வேண்டும். இதை யாரும் பிரிக்கவில்லை. அந்த நாவலின் எந்தப் பிரதியையும் ஜெசிந்தா இதற்குமுன் பெட்டியில் கண்டதில்லை. அதன் மடிப்பு வெட்டாத பிரதி என்பது அவர் கனவில் மட்டும் வரக்கூடியது.

அதை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கிக்கொண்ட பிறகும் ஜெசிந்தாவின் விரல்கள் அட்டையை விடுவதற்கு ஒரு கணம் ஆனது.

"உங்களோடது சார்" என்றார்.

பிறகு சில வாரங்கள் அரங்கநாயகம் வரவில்லை. ஒரு காலையில், ஜெசிந்தா ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்தார். புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டுவந்திருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

வாசித்தீர்களா என்று கேட்டார் ஜெசிந்தா. பாதி வாசித்ததாகச் சொன்னார். வெட்டினீர்களா என்றார். இல்லை என்றார்.

மடித்த தாளில் சில பக்கங்கள் வெளியே தெரியும், சில உள்ளே மாட்டிக்கொள்ளும். வெளியே இருப்பதை வாசித்திருந்தார். உள்ளே இருப்பதை, கீழ்ப் பக்கம் தாளை லேசாக வளைத்துக் குழாய் மாதிரி ஆக்கி, பேனா அளவு டார்ச்சை அடித்து, எட்டிய வரிகளை மட்டும் பார்த்திருந்தார்.

"புத்தகத்துக்கு எண்டோஸ்கோப்பி பண்றீங்களா?" ஜெசிந்தா சிரித்துவிட்டார்.

அவருக்கும் சிரிப்பு வந்தது. உட்கார்ந்து, பார்த்ததைச் சொன்னார். முதல் பக்கத்தில் துறைமுகத்தில் பனி. ஏணியில் ஆட்கள் இறங்குகிறார்கள். ஒரு கிழவர், ஒரு பாதிரி, கூண்டுக் கிளியோடு ஒரு பெண். அடுத்த இரண்டு பக்கமும் மடிப்புக்குள். டார்ச்சுக்கு எட்டாத ஆழம். மறுபடி வெளிச்சத்துக்கு வரும் பக்கத்தில் எலினர் வீட்டில் இருக்கிறாள், அழுக்குத் துணியை வெளுக்கப் போடுகிறாள். அவனைப் பற்றிப் பேச்சே இல்லை. இன்னும் தள்ளிப் போனால் ஒரு பக்கத்தில் மேஜைமேல் இரண்டு கோப்பைகள் இருக்கின்றன. ஆனால் அவளுக்கு ஒரு அக்கா உண்டு, இரண்டாவது கோப்பை அக்காவுடையதாகவும் இருக்கலாம். இந்தக் கோப்பையை வைத்து மூன்று நாள் யோசித்ததாகச் சொன்னார்.

ஜெசிந்தா புத்தகத்தை வாங்கித் திருப்பினார். கடைசிப் பக்கம் மடிப்புக்கு வெளியேதான் இருக்க வேண்டும். ஆனால் அதன்மேல் ஒரு வெள்ளைத் தாள் வைத்து, அட்டையோடு சேர்த்து நூலால் கட்டியிருந்தது.

"இது யாரு வேலை?"

"நான்தான். கண்ணு தவறிப் போயிடக் கூடாதுன்னு."

ஜெசிந்தா அந்த நூலைத் தொடவில்லை. ரொட்டித் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"மேடம், வெட்டலாமா, வேண்டாமா? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

"எது தடுக்குது?"

அரங்கநாயகம் விளக்கமாகவே சொன்னார். உலகத்தில் இப்படி ஒன்று இன்னொன்று இருக்குமா தெரியாது. எத்தனையோ கைகள் மாறியும் முழுசாக வந்திருக்கிறது. வெட்டிய தாளை ஒட்ட முடியாது. நீங்களே உங்கள் அலமாரியில் வெட்டாத பிரதிகளைத் தனியாக வைத்திருக்கிறீர்கள், ஒன்றையும் தொட்டதில்லை. அப்படி ஒன்றைக் கெடுக்க நான் யார் என்றார். கற்றுக்கொண்டதெல்லாம் ஒழுங்காக வந்தது.

அவர் முடித்ததும், ஜெசிந்தா வெண்ணெய்க் கத்தியை எடுத்துத் துணியில் துடைத்தார். புத்தகத்தின் முதல் மடிப்புக்குள் அதைச் செருகி இழுத்தார்.

தாள் கிழிபடும் சத்தம் மெதுவாகக் கேட்டது. இன்னொரு ஓரத்திலும் இழுத்தார். அரங்கநாயகம் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். கை நீண்டது, பாதியில் நின்றது. காகிதத் துகள் மேஜை விரிப்பில் உதிர்ந்தது. ஜெசிந்தா அந்தப் பக்கங்களைப் பிரிக்காமல் புத்தகத்தை மூடி இருவருக்கும் நடுவில் வைத்தார்.

"இனிமே இது வெட்டாத பிரதி இல்ல சார். எல்லார் வீட்லயும் இருக்கிற மாதிரி ஒரு புத்தகம். இப்பச் சொல்லுங்க, எது தடுக்குது?"

அரங்கநாயகம் உட்கார்ந்தார். கோபித்துக்கொண்டு போய்விடுவார் என்றுதான் ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. போகவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ள மறந்து கையிலேயே வைத்திருந்தார்.

"அவன் இறங்கிட்டான்னா நான் சொன்னது சரி. இறங்கலைன்னா அவ சொன்னது சரி. இப்போ ஒரு தாளைத் திருப்பினா தெரிஞ்சுபோகும்."

"தெரிஞ்சா?"

"சாப்பிட உட்காரும்போது நான் ஒரு காரணம் சொல்வேன். அவன் இறங்கித்தான் இருப்பான், அவகிட்ட மன்னிப்புக் கேட்டிருப்பான்னு. அவ ஒண்ணு சொல்வா. இப்பவும் சொல்றா. என் வீட்ல வேற பேச்சு இல்ல மேடம்." கையிலிருந்த கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "அது முடிஞ்சிடும்."

ஜெசிந்தா விரிப்பில் கிடந்த காகிதத் துகளை விரலால் ஒரு பக்கமாகக் கூட்டினார்.

"அவன் இறங்கிட்டான்னே வச்சுக்குவோம். நீங்க போய் வீட்ல சொல்றீங்க. என்ன சொல்வாங்க?"

அரங்கநாயகம் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"எழுதினவனுக்கு ஒண்ணும் தெரியலைன்னுவா. பக்கத்தை நிரப்ப இறக்கி விட்டிருக்கான்னுவா."

"ஒத்துக்க மாட்டாங்க."

"அவளா? சும்மா இருங்க."

"சரி. அவன் இறங்கலை. அப்போ?"

அவர் முகம் மாறியது. சிரிப்பை அடக்குகிறவர் மாதிரி இருந்தது.

"தொலைஞ்சேன். சோறு போடும்போது சொல்வா, துணி மடிக்கும்போது சொல்வா. நான் அன்னைக்கே சொல்லலையா, சொல்லலையான்னு. காதை வச்சுக்கிட்டு வீட்ல இருக்க முடியாது."

ஜெசிந்தா புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இதுல பேச்சு எங்க சார் முடியுது?"