புலி ஓட்டிய லினக்ஸ்

எங்கள் கிளை நூலகர் அரங்கநாதன் தன்னைக் கம்ப்யூட்டர் புலி என்று சொல்லிக்கொள்வார். வாசகர்களுக்கென்று இருந்த ஒரே பழைய லேப்டாப் விண்டோஸைச் சுமக்க முடியாமல் முக்கி முனகியது. அவர் உதவியாளர் செம்மலரைக் கூப்பிட்டார்.

"விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டா பழைய மிஷினும் ஓடுமாம். அதுல நூறு வகை இருக்காம். கத்துக்குட்டியும் ஓட்டுற மாதிரி ஒண்ணைச் சாயங்காலத்துக்குள்ள எடு. இல்லேன்னா இது காயலான் கடைக்குத்தான்."

அவள் மூன்று வகைகளைத் தனித்தனிப் பென்டிரைவில் போட்டு, "நீங்களே ஓட்டிப் பாருங்க சார்" என்று பணிவாக நீட்டினாள்.

முதலாவதில், "ஏம்மா, வைஃபை எங்கே?" இரண்டாவதில், "ஏம்மா, தமிழே வரலையே?" மூன்றாவது, மின்ட் என்கிற வகை. புலியிடமிருந்து சத்தமே இல்லை. அதில் நிம்மதியாகச் செய்தி படித்துக்கொண்டிருந்தார்.

"இதையே போட்டுடறேன் சார்."

"கத்துக்குட்டிக்கு இது சரிப்படும்னு எப்படித் தெரியும்?"

"இதுக்கு மட்டுந்தான் நீங்க என்னைக் கூப்பிடலை சார்."