தெப்பத்துக்கு அடியில் மகாராஜா

முன்னொரு காலத்தில், நெல்லைவிடப் பட்டங்கள் அதிகம் விளைந்த ஒரு நாட்டை ஏழ்கடல் கொண்டான் என்ற ராஜா ஆண்டுவந்தார். கடலை அவர் பார்த்ததில்லை. பார்த்ததில் பெரிய தண்ணீர் அரண்மனைத் தெப்பக்குளம்தான்.

தம்மைப் போலவே கருங்கல்லில் ஒரு சிலை செய்யச் சொல்லியிருந்தார். சிற்பி பயந்தவன், தொப்பையைக் குறைத்து மார்பில் சேர்த்துவிட்டான். கனம் மட்டும் குறையவில்லை.

"பௌர்ணமியன்று நமது தெப்பம் இந்தச் சிலையைச் சுமந்து குளத்தை வலம்வர வேண்டும்!" என்றார் ராஜா.

மந்திரி அகோரசிவம் எழுந்தார். அரசவை விகடகவி செவ்வந்தியானின் பேச்சுக்கு மட்டும் ராஜா சிரிப்பது அவருக்குத் தீராத வயிற்றெரிச்சல்.

"பிரபு, இந்தப் பொறுப்பைச் செவ்வந்தியாரிடமே ஒப்படைக்கலாம். தங்கள் பாட்டனார் செய்த தெப்பம். ஒரு கட்டைகூடப் புதிதாகச் சேர்க்கக் கூடாது. அவரும் அதில் நின்றே வரட்டும். தெப்பம் முழுகினால் அவரும்..."

வாக்கியத்தை முடிக்காமல் உட்கார்ந்தார். பெரிய மனிதர்கள் முடிவை அடுத்தவர் தலையில் விடுவார்கள்.

செவ்வந்தியானுக்கு நீச்சல் தெரியாது.

அன்று மாலையே ஒத்திகை பார்த்தான். சிலையை ஏற்றியதும் பலகைமேல் தண்ணீர் ஏறிக் கணுக்காலைத் தொட்டது. அலறிக்கொண்டு கரைக்குத் தாவினான்.

மறுநாள் சோறு இறங்கவில்லை. "பொலம்பினது போதும், ரெண்டு கொடம் தண்ணியாவது எடுத்துக் குடுங்க" என்றாள் மனைவி வடிவு.

கிணற்றுக்குப் போனான். குடம் நீருக்குள் இருந்தவரை பூப்போல வந்தது. நீரைவிட்டு மேலே வந்ததும் தோள் இற்றுப்போனது. மறுபடி இறக்கினான். ஏற்றினான்.

"கெணத்தோட என்னங்க வெளையாட்டு?"

"வடிவு, உள்ள இருக்கறப்ப கொடத்தை யாரு தூக்குறா?"

"தண்ணிதான் தூக்குது. பின்ன நீங்களா?"

ஓடிப்போய் அம்மிக் குழவியைக் கயிற்றில் கட்டி இறக்கினான். "ஐயோ, என் கொழவி!" என்று அவள் கத்துவது காதில் விழவில்லை. கல்லும் நீருக்குள் கொஞ்சம் இளைத்துத்தான் போனது.

பௌர்ணமி வந்தது. மேளம் முழங்க, கரையிலிருந்து வடம் பிடித்து இழுத்தார்கள். தெப்பத்தின்மேல் செவ்வந்தியான் மட்டும், கம்பத்தைக் கட்டிப்பிடித்தபடி. பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. அந்த விரலைவிட்டு அவன் கண் நகரவில்லை.

தெப்பம் நடுக்குளத்துக்கு வந்ததும், படித்துறையில் நின்ற ராஜா கைகாட்டி நிறுத்தினார். "சிலை எங்கே?"

"அடியில், மகாராஜா! கயிறு கட்டித் தொங்குகிறது."

"ராஜதுரோகம்!" என்று துள்ளினார் மந்திரி. "மன்னரையே முழுக்கிவிட்டான்!"

"தெப்பம் சுமக்க வேண்டும் என்றுதானே உத்தரவு? பலாமரம் காயைத் தொங்கவிட்டுத்தான் சுமக்கிறது." என்றான் செவ்வந்தியான். "மேலே வைத்தால் தங்கள் பாரம் முழுவதும் தெப்பத்தின் தலையில். அடியில் என்றால் தண்ணீரும் கொஞ்சம் தாங்குகிறது."

தெப்பம் லேசாகச் சாய்ந்தது. செவ்வந்தியான் கம்பத்தை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

"மந்திரியாருக்கு மனக்குறை என்றால் சிலையை மேலேயே ஏற்றலாம், பிரபு. அவரும் வந்து பக்கத்தில் நிற்கட்டும்!"

ராஜா திரும்பினார். "நல்ல யோசனை. ஏறும், அகோரசிவம்."

மந்திரி பலகையைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். "அடியில் இருப்பதுதான்... சாஸ்திர சம்மதம், பிரபு."

ராஜாவின் தொப்பை முதலில் குலுங்கியது. சிரிப்பு பிறகு வந்தது. "ஏழ்கடல் கொண்டவன் இன்றுதான் ஐயா தண்ணீருக்குள்ளேயே இறங்கியிருக்கிறேன்!" என்று பொற்கிழியை எடுத்து வீசக் கை ஓங்கினார்.

"வேண்டாம் மகாராஜா!" என்று அலறினான் செவ்வந்தியான். "கனமாக எதையும் இப்போது எறியாதீர்கள்! முதலில் கரைக்கு இழுக்கச் சொல்லுங்கள்!"

இரண்டு காலையும் கரையில் ஊன்றிய பிறகுதான் கிழியைக் கையால் தொட்டான்.